சொந்தக்காரர் இல்லாத ஊருக்கு டிக்கெட் போட்ட யோகராணி அக்கா

செய்தி வந்தபோது நான் கனடாவில், மார்க்கம் நகரின் ஒரு கடைத்தொகுதியில் காரை நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்தேன். அழைத்தது அபிராமி, யோகராணி அக்காவின் ஒரே மகள்.

"அன்ரி, அம்மா போயிட்டா. காலமை, நித்திரையிலயே. நான் பக்கத்திலதான் இருந்தனான்."

"நோவு இருந்ததோ, பிள்ளை?"

"இல்லை அன்ரி. முகம் நல்லா இருந்தது. நேற்றுப் பின்னேரம் கொஞ்சம் ஐஸ்கிரீம்கூடச் சாப்பிட்டவ."

காரை ஓரமாக நிறுத்திவிட்டு அப்படியே இருந்தேன். முதலில் வந்தது அழுகை அல்ல, நிம்மதி. கடைசி மாதங்களில் அவர் பட்ட நோவைக் கண்டவர்கள் இதைத் தவறாக எடுக்கமாட்டீர்கள். "நான் போனா நீங்க எல்லாரும் ஒரு தரம் நல்லா மூச்சு விடுங்க" என்று அவரே நம்மில் பலரிடம் சொல்லியிருக்கிறார். சொன்னபடி செய்தேன். அழுகை பிறகு, வீட்டுக்குப் போய் அரிசி கழுவும்போது வந்தது.

ஸ்காபரோவில் அந்தச் சிறிய பயண முகவர் அலுவலகத்துக்கு வந்துபோன எல்லோருக்கும் அவரைத் தெரியும். சன்னலோர மேசை அவருடையது. அடுத்த மேசை என்னுடையது. கொழும்பு, சென்னை, லண்டன், இந்த மூன்றுக்கும்தான் நாங்கள் நாள் முழுதும் டிக்கெட் போட்டோம். லண்டன் என்றால் கல்யாணம், பெண்பிள்ளை பெரியவளானதற்குச் சாமத்தியவீடு, செத்தவீடு. போய்வந்த ஒரு தம்பதியிடம் அக்கா கேட்டது இன்றும் காதில் இருக்கிறது.

"லண்டன்ல என்ன பாத்தீங்க?"

"நல்ல பெரிய கலியாண ஹோல், அக்கா. ஆயிரம் பேர் இருக்கலாம்."

"ஹோலைத் தவிர?"

கணவர் மனைவியைப் பார்த்தார். மனைவி யோசித்துவிட்டுச் சொன்னார்: "அடுத்த நாள் வேற ஒரு ஹோல்."

அவர்கள் போனபின் அக்கா சிரித்த சிரிப்பில் பின்னறையிலிருந்து முதலாளியே எட்டிப் பார்த்தார். ஆனால் அதற்குப் பிறகு அக்கா சொன்னதில் சிரிப்பு இல்லை. "நானும் அப்பிடித்தான்கா இருந்த நான். ஒண்டுல உயிருக்குப் பயந்து ஓடினன், இல்லாட்டிச் செத்தவீட்டுக்குப் போனன். சும்மா ஒரு இடத்துக்குப் போனதே இல்ல." அவர் மட்டக்களப்பில் கல்லடியைச் சேர்ந்தவர்; பெண்களிடம் 'கா' போட்டுக் கதைப்பது அந்த ஊர் வழக்கம். கைக்குழந்தையோடு இடம்பெயர்ந்தது, கணவரைத் தேடிக் கொழும்புக்குப் போனது, கிடைக்காமல் பிள்ளையோடு கனடாவுக்கு வந்தது, எல்லாமே வேறு வழியில்லாத பயணங்கள்.

முதன்முதலாகச் சும்மா போனது பைபரி என்ற ஆங்கிலக் கிராமத்துக்கு. லண்டனில் மச்சாளின் செத்தவீடு முடிந்து திரும்பும் நேரத்தில் விமானம் தள்ளிப்போனது. உறவினர் வீட்டில் அழுது களைத்திருந்தவர், ஒரு காலையில் தனியாக ரயில் ஏறி, பஸ் மாறி, அங்கே போய் இறங்கினாராம். பனங்கட்டி நிறக் கல்லால் கட்டிய பழைய குடிசைகள் ஒரு வரிசையாக நிற்கும். முன்னால் கணுக்கால் ஆழத்தில் ஓடும் ஆறு. பாலத்தில் சாய்ந்துகொண்டு, நீரோட்டத்துக்கு எதிராக வாலை அசைத்தபடி ஒரே இடத்தில் நிற்கும் மீன்களைப் பார்த்தாராம். "ஒருத்தரும் வந்து 'எப்ப வந்த நீங்க, எங்க நிக்கிறீங்க, மகளுக்குக் கலியாணம் சரிவந்துதா' எண்டு கேக்கல்ல. அண்டைக்குத்தான் நான் என்ட கண்ணால ஒரு ஊரைப் பாத்தன்" என்பார்.

அதன்பின் லண்டன் டிக்கெட் எடுக்க வந்தவர்களை அவர் சும்மா விடவில்லை. கல்யாணத்தோடு மூன்று நாளைக் கூட்டிப் போட்டு, ஆங்கிலக் கிராமங்களைப் பார்க்கச் சொல்லுவார். சந்தைச் சதுக்கத்திலிருந்து ஆற்றுப் பாலம் வரை கூரைகள் ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக இறங்கும் காசில் கூம். வீட்டு வாசலை ஒட்டியே வாய்க்கால் போல் ஆறு ஓடும் லோவர் ஸ்லோட்டர். இந்தப் பெயரைக் கேட்டு ஒரு அம்மா பயந்தே போனார். "ஸ்லோட்டர் எண்டால் வெட்டுறதெல்லே, பிள்ளை? பேரே சரியில்லை. வேண்டாம்." அக்கா விடவில்லை. "அது சேத்து நிலத்துக்குப் பழைய சொல்லாம், அம்மா. போய்ப் பாருங்க, ஒரு கோழியைக்கூட வெட்ட மாட்டாங்க." அந்த அம்மா போனார். திரும்பி வந்து, அங்கே இருந்த தண்ணீர்ச் சக்கரத்தின் படத்தைக் காட்டி எங்களை வேலை செய்ய விடவில்லை.

நான் அவரோடு போனது ஒரே ஒரு தடவை. லண்டனில் என் அக்கா மகனின் கல்யாணம் இருந்தது. அது முடிந்து நானும் என் கணவரும் யோகராணி அக்காவோடு கிராமங்களுக்குப் போவதாக ஏற்பாடு. புறப்படுவதற்குச் சில வாரங்கள் முன்னால் மிசிசாகாவிலிருந்து ஒரு பெண் அலுவலகத்துக்கு வந்தார். ஸ்காபரோவின் டோர்செட் பார்க்கில் மாடிக் குடியிருப்பில் தனியாக வாழும் சிவபாதம் அண்ணையின் மகள். அம்மா இறந்து ஒரு வருடமாகியும் அப்பா யாரோடும் கதைப்பதில்லை என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"பல்கனிக் கதவைத் திறக்கேலாமப் பண்ணி வைச்சிருக்கிறன், அக்கா. எனக்குப் பயமா இருக்கு. எங்கயாவது கூட்டிக்கொண்டு போங்கோவன்."

அக்கா ஒரு கணமும் யோசிக்கவில்லை. "எங்களோட வரட்டும். கௌரிட அவரோட ஒரே ரூம்ல படுக்கட்டும்." கௌரி நான்தான்; என்னையோ என் கணவரையோ கேட்காமலே முடிவானது.

காரை அக்காவே ஓட்டினார். இங்கிலாந்தின் தென்மேற்கே, டெவனின் கிராமப் பாதைகள் இரண்டு பக்கமும் ஆளுயரப் பற்றை அடைத்து, ஒரு காருக்கே காணாதவை. எதிரே உழவு இயந்திரம் வந்தால் கண்ணாடியைப் பார்த்தபடி அரை மைல் பின்னால் போவார். என் கணவர் "அக்கா, நான் ஓடட்டோ?" என்று மெல்லக் கேட்பார். "இருங்க தம்பி. பின்னுக்குப் போறதும் போறதுதான்" என்பார் அக்கா. சிவபாதம் அண்ணை பின் சீட்டில் சன்னலைப் பார்த்தபடி இருந்தார். கேட்டதற்கு ஓம், இல்லை. வேறு பேச்சில்லை.

கடைசி நாள் க்ளொவெலிக்குப் போனோம். அது மலையிலிருந்து நேரே கடலுக்குள் இறங்கும் மீன்பிடிக் கிராமம். தெருவே உருளைக்கல் பதித்த செங்குத்தான இறக்கம், கார் போகாது. சாமான்களை மேலிருந்து மரச் சறுக்குப் பலகையில் கட்டி, கயிற்றால் பிடித்து இழுத்துத்தான் வீடுகளுக்குக் கொண்டுபோகிறார்கள். வெள்ளைச் சுவர்கள், வாசல்தோறும் பூச்சட்டிகள், திரும்பும் ஒவ்வொரு மூலையிலும் கீழே கடல். நாங்கள் ஒரு வாசலில் நின்று பூக்களைப் பார்த்துவிட்டுத் திரும்பினால், பின்னால் வந்த சிவபாதம் அண்ணை இல்லை.

முதலில் கூப்பிட்டுப் பார்த்தோம். பதில் இல்லை. தொலைபேசியை அவர் காரிலேயே வைத்துவிட்டார். மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் கீழே கடலைப் பார்த்தோம். நீர் ஏறியிருந்தது. அலை துறைமுகச் சுவரில் அடிக்கும் சத்தம் மேலே வரை கேட்டது.

"தம்பி, நீங்க மேல போய்ப் பாருங்க. கௌரி, நீ என்னோட வா" என்றார் அக்கா.

அவருக்கு முழங்கால் வருத்தம். படி இறங்கவே கூடாது. அந்த இறக்கத்தில் வீட்டுச் சுவர்களைப் பிடித்து, பக்கவாட்டாக, ஒவ்வொரு கல்லாகக் கால் வைத்து இறங்கினார். வாயில் ஒரு முணுமுணுப்பு. தன் ஊர்க் கோவில் சாமி மாமாங்கேஸ்வரரைக் கூப்பிடுகிறார் என்று விளங்கியது. துறைமுகச் சுவரில் ஒரு சிறு கூட்டம் குனிந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் அங்கேயே நின்றுவிட்டேன். அக்காதான் போனார். கூட்டத்தை விலக்கிக் குனிந்து பார்த்தார். திரும்பி என்னைப் பார்த்து, அவர் இல்லை என்று கையை ஆட்டினார். தண்ணீருக்குள்ளிருந்து ஒரு கடல்நாய் தலையைத் தூக்கி எல்லோரையும் பார்த்துக்கொண்டிருந்தது.

மறுபடி ஏறத் தொடங்கினோம். பாதி வழியில் அக்காவுக்கு மூச்சு வாங்கியது. ஒரு கிளைச் சந்தின் வாசலில் சுவரில் சாய்ந்து நின்றார். அப்போதுதான் கையை உயர்த்தி என்னைப் பேசாமல் இருக்கச் சொன்னார்.

"கேளு. ஆரோ தமிழ் ஆள் இங்கிலீசு கதைக்குது."

சந்துக்குள் ஒரு நீலக் கதவு. கதவுப் படியில் சிவபாதம் அண்ணை இருந்தார். கையில் பெரிய தேநீர்க் கோப்பை. பக்கத்தில் வெறும் சறுக்குப் பலகை. வாசலில் கதிரை போட்டு அமர்ந்திருந்த வெள்ளைக்கார மூதாட்டியிடம் அவர் தன் மனைவியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் குரலை நாங்கள் அன்றுதான் ஒழுங்காகக் கேட்டோம்.

எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. "அண்ணை, இப்பிடியோ செய்யிறது" என்று தொடங்கினேன். அக்கா என் கையை இறுக்கிப் பிடித்து நிறுத்தினார். பிறகு மெல்லப் போய் அவருக்குக் கீழ்ப் படியில் அமர்ந்தார்.

"அண்ணை, தேத்தண்ணி எப்பிடி?"

அவர் கோப்பையைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சீனி காணாது."

அக்கா சிரித்தார். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தார். மூதாட்டி எழுந்து எங்களுக்கும் தேநீர் ஊற்றப் போனார். அண்ணை நடந்ததைச் சொன்னார். மேலே அந்த அம்மா சாமான் பைகளைப் பலகையில் கட்டிவிட்டு, பின்கயிற்றைப் பிடிக்க ஆள் பார்த்து நின்றிருக்கிறார். இவர் கண்ணில் பட்டதும், பிடிக்க முடியுமா என்று கேட்டிருக்கிறார்.

"மனுசி செத்தாப்பிறகு ஒருத்தரும் என்னட்ட ஒரு வேலை சொன்னதில்லை, தங்கச்சி. எல்லாரும் இருங்கோ, இருங்கோ எண்டுதான். இந்த மனுசி என்னை ஆரெண்டே தெரியாமல் கயித்தைத் தந்திட்டுது. விட்டால் பலகை ஓடிப்போய்க் கடலுக்கை விழும். நான் விடேல்லை."

திரும்பி ஏற அக்காவால் முடியவில்லை. பின்பக்கப் பாதையால் ஜீப் ஒன்று ஆட்களை ஏற்றிப்போகும் என்று மூதாட்டி சொன்னார். அக்காவும் நானும் அதில் ஏறினோம். அண்ணை நடந்தே வருகிறேன் என்று, மேலே தேடிக்கொண்டிருந்த என் கணவரிடம் போய்விட்டார். வாகனத்தில் நான் கேட்டேன், ஏன் அவரை ஒரு வார்த்தை ஏசவில்லை என்று.

"பயம் வந்தது எனக்குத்தானேகா, அவருக்கு இல்லையே. என்ட பயத்தை அவர்ட தலையில ஏன் கொட்டணும்?"

கனடா திரும்பிய சில மாதங்களில் அண்ணையின் மகள் அலுவலகத்துக்கு அழைத்தார்; நானும் கேட்க அக்கா ஸ்பீக்கரில் போட்டார். அப்பா கோவில் சமையலறையில் மரக்கறி வெட்டப் போகிறார் என்றார். பல்கனிக் கதவைத் திறந்துவிட்டதாகவும், அங்கே தக்காளிச் சட்டிகளால் தனக்கு நிற்க இடமில்லை என்றும் குறைசொன்னார். அந்தக் குறையைப் போல இனிப்பான குறையை நான் கேட்டதில்லை. அக்கா தொலைபேசியை வைத்துவிட்டு அடுத்த டிக்கெட்டைப் போடத் தொடங்கினார்.

பிறகு அக்காவுக்கு நோய் வந்தது. மருந்து இனி வேண்டாம் என்று அவரே முடிவெடுத்தார். அதை எங்களுக்குச் சொல்லும்போது, விமானத்தில் சன்னல் சீட் கிடைத்ததைச் சொல்வதுபோலத்தான் சொன்னார். கடைசியாக நான் போனபோது, "நான் பாக்காத ஊர் ஒண்டைச் சொல்லுகா" என்றார். நானும் கணவரும் போய்வந்த யோர்க்ஷயர் கடற்கரைக் கிராமம் ஒன்றைச் சொன்னேன். கடற்காகம் ஒன்று என் கணவரின் கையிலிருந்த பொரித்த மீனை முழுதாகப் பறித்துப் போனதையும், அவர் அதன் பின்னால் ஓடியதையும் சொன்னேன். சிரித்தார். சிரிக்க அவருக்கு நோகவில்லை. அதுவே எனக்குப் போதுமாக இருந்தது.

அக்காவின் உடலைப் பார்வைக்கு வைத்த அன்று மண்டபம் நிறைந்திருந்தது. சிவபாதம் அண்ணை வந்தவர்களுக்குக் கதிரை எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். பெட்டியைத் தூக்கும்போது, யாரும் கேட்காமலே, முன்னால் வந்து ஒரு பக்கம் பிடித்தார்.

அடுத்த வாரம் பெரிய பனி கொட்டியது. என் மகள் வேலை முடிந்து வரவேண்டிய நேரம் போய் ஒரு மணித்தியாலம் ஆகியும் வரவில்லை. அவள் தொலைபேசி அணைந்திருந்தது. நெடுஞ்சாலையில் கார்கள் மோதிக்கிடப்பதைத் தொலைக்காட்சியில் காட்டிக்கொண்டிருந்தார்கள். நான் சன்னலுக்கும் கதவுக்குமாக நடந்தேன். இருட்டத் தொடங்கும் வேளையில் கதவு திறந்தது. தலையெல்லாம் பனி, கையில் செத்துப்போன தொலைபேசி.

"சொறி அம்மா, ரோட்டெல்லாம் புளொக். சார்ஜரும் இல்லை."

சொல்ல எத்தனையோ வாயில் வந்து நின்றது. அவளுடைய கோட்டை வாங்கிப் பனியை உதறினேன்.

"கை விறைச்சுப் போச்சே? வா, புட்டு சூடா இருக்கு."

அவள் சப்பாத்தைக் கழற்றாமல் என்னையே பார்த்தாள். "ஏசேல்லையா அம்மா?"

"இல்லை. சாப்பிடு."

யோகராணி அக்காவிடமிருந்து என்னிடம் இருப்பது இதுதான். அவருடைய படமோ சேலையோ என்னிடம் இல்லை. அன்று மகள் இரண்டாம் தரமும் புட்டு வாங்கிச் சாப்பிட்டாள். நான் எதிரே அமர்ந்து, அவள் சாப்பிட்டு முடியும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.