இறம்பொடையில் நிற்காத வேன்

உங்கள் சமையலறையில் நிற்கும் பெண்ணின் அண்ணன் இறந்துவிட்டதாக உங்கள் கைபேசிக்குச் செய்தி வந்தால், அதை அவளிடம் எப்போது சொல்வீர்கள்? உடனேதான் என்று அவசரப்பட்டுப் பதில் தராதீர்கள். போன வருடம் யாராவது கேட்டிருந்தால் சரோஜினிதேவியும் அப்படித்தான் சொல்லியிருப்பார்.

சரோஜினிதேவி கொடியவர் அல்ல. வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவே ஒரு தொடர்மாடிக் குடியிருப்பில் இருக்கிறார். உயிரியல் ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவர். இதயம் எப்படித் துடிக்கிறது, எப்படி நிற்கிறது என்று கரும்பலகையில் படம் வரைந்து பிள்ளைகளுக்குக் காட்டியவர்.

அந்த வீட்டில் சமைத்தவள் பேச்சியம்மா. கட்டியவன் விட்டுப் போனபிறகு இறம்பொடைக்கு மேலேயுள்ள ஒரு தேயிலைத் தோட்டத்திலிருந்து கொழும்புக்கு வந்தவள். அப்போது வீட்டு மகன் கார்த்திகன் பள்ளிக்கூடத்துக்குப் போய்க்கொண்டிருந்தான். அவளுக்குக் கூடப்பிறந்தவர் அண்ணன் பழனிமுத்து ஒருவர்தான். அவருக்கு நெஞ்சில் சளி கட்டி, மூச்சு வாங்கத் தொடங்கி நெடுநாள். தீபாவளிக்குப் போகக் கேட்டாள். வீட்டில் விருந்தாளிகள் என்று விடவில்லை. பொங்கலுக்குக் கேட்டாள், பிறகு பார்க்கலாம் என்றார்கள்.

இந்த நேரத்தில்தான் கார்த்திகன் ரொறன்ரோவிலிருந்து மனைவி பிள்ளைகளுடன் விடுமுறைக்கு வந்தான். தீவை ஒரு சுற்றுச் சுற்றுவது என்று திட்டம். கண்டி, நுவரெலியா, எல்ல, முடிவில் கதிர்காமம். பேரப்பிள்ளை பிறந்தபோது வைத்த நேர்த்தியைச் சரோஜினிதேவி அங்கே நிறைவேற்ற வேண்டும். அதுவரை கடைச் சாப்பாடு தொடமாட்டார். ஆகவே பேச்சியம்மாவும், ஒரு எரிவாயு அடுப்பும், இரண்டு சட்டிகளும் வேனில் ஏறின.

“அம்மா, நம்ம வேன் எங்க ஊரு வழியாத்தானே போகுது? அண்ணன ஒரு எட்டுப் பாத்துட்டு ஓடி வந்துர்றேனே.”

“ஓம் பேச்சி, பாப்பம்.”

இந்த ஒரு சொல்லை நம்பி அவள் வெள்ளவத்தைச் சந்தைக்குப் போய்க் கட்டாக் கருவாடு வாங்கினாள். அண்ணனுக்கு உயிர். சைவப் பயணம் என்பது தெரியாமல் இல்லை. பைக்கு மேல் பை போட்டு இறுக்கிக் கட்டி, கடைசி இருக்கைக்கு அடியில் அடுப்போடு அடுப்பாகத் தள்ளிவிட்டாள்.

கடுகண்ணாவை தாண்டும்போது கார்த்திகன் மூக்கைச் சுளித்தான். “அம்மா, ஏதோ செத்துக் கிடக்குது போல மணக்குது.”

வேன் ஓட்டிய ஷாமில் மருதானைக்காரன். கண்ணாடியில் பேச்சியம்மாவின் முகத்தைப் பார்த்தான். “ஏசி பழசு சேர். மலை ஏறக்குள்ள அப்பிடித்தான் வீசும்.”

“கொழும்பிலை வீசேல்லையே?”

“கொழும்புல எல்லாமே வீசுது சேர், அதனால விளங்கல்ல.”

எல்லோரும் சிரித்தார்கள். தான் வாய்விட்டுச் சிரித்தது அதுதான் கடைசி என்று பேச்சியம்மா பிறகு என்னிடம் சொன்னாள்.

மறுநாள் காலை கண்டியில், அவள் விடுதியின் பின்பக்கம் இடியப்பம் அவித்துக்கொண்டிருந்தபோது, சரோஜினிதேவியின் கைபேசி அடித்தது. பேச்சியம்மாவிடம் போன் இல்லை. ஊரிலிருந்து யார் அழைத்தாலும் அம்மாவின் எண்ணுக்குத்தான். அழைத்தது பழனிமுத்துவின் மகன் சாந்தகுமார். அப்பா இரவில் போய்விட்டார், நாளைப் பின்னேரம் எடுக்கிறோம், அத்தையிடம் சொல்லுங்கள் என்றான்.

“ஐயோ தம்பி, நாங்கள் அந்தப் பக்கம்தான் வாறம். இப்பவே சொல்லுறன்,” என்றார் சரோஜினிதேவி. அந்த நிமிடம் அவர் மனதார அப்படியே நினைத்தார். அவருக்குள் இருந்த நல்ல மனுஷி பேசிய நிமிடம் அது.

போனை வைத்தபிறகுதான் சாவுத் தீட்டு நினைவுக்கு வந்தது.

“அம்மா, பேச்சியக்காவுக்குச் சொல்லவேணுமெல்லே?” என்று கார்த்திகன் கேட்டான்.

“சொன்னால் அவளுக்குத் துடக்கு. துடக்குக்காரி சமைச்சதைச் சாப்பிட்டுப்போட்டு நான் முருகன்ரை வாசலிலை நிக்கிறதோ? காதிலை விழாத வரைக்கும் துடக்கில்லை, அதுதான் முறை. கதிர்காமம் முடியட்டும்.”

கார்த்திகன் கனடாவில் பாலங்கள் கட்டுகிற பொறியியலாளன். ஒரு தூண் எவ்வளவு பாரம் தாங்கும் என்று கணக்குப் போட்டுப் பார்க்காமல் நம்பமாட்டான். தாய் சொன்னதை மட்டும் கணக்குப் பார்க்காமல் ஏற்றுக்கொண்டு, இடியப்பம் சாப்பிடப் போனான்.

காதில் விழாத சாவு சாவே இல்லையென்றால், ஒருவருக்கும் சொல்லாமல் இருந்து பழனிமுத்துவை இன்றும் உயிரோடு வைத்திருக்கலாமே. படித்தவர்கள் இதை முறை என்கிறார்கள். அந்த முறையின் பாரம் எப்போதும் கடைசி இருக்கையில் இருப்பவள் தலையில்தான் இறங்குகிறது.

புசல்லாவை தாண்டியதும் இரு பக்கமும் பச்சை திறந்துகொண்டது. மலைக்கு மலை தேயிலை, நடுவே வெள்ளைக் கோடாக அருவி. பிள்ளைகள் யன்னலில் ஒட்டிக்கொண்டார்கள். வேனை நிறுத்தி, கொழுந்து பறிக்கும் பெண்களின் பக்கத்தில் நின்று படம் எடுத்தார்கள். இவ்வளவு அழகான நாடு உலகத்திலேயே இல்லை என்று கார்த்திகனின் மனைவி சொன்னாள். உண்மைதான். அந்த அழகைக் கையால் நட்டுக் கவ்வாத்து வெட்டியவர்களில் ஒருவர், கண்ணில் பட்ட மலை ஒன்றின் மறுபக்கத்தில், தொழிலாளர் லயத்து அறையில் வெள்ளைத் துணியின் கீழே கிடந்தார்.

பேச்சியம்மா முன்னிருக்கைப் பக்கம் குனிந்தாள். “அம்மா, அந்தா தெரியுதே கோயில் மரம், அதுக்கு மேலதான். ஒரு மணி நேரம் போதும்மா.”

ஷாமில் வேகத்தைக் குறைத்தான்.

சரோஜினிதேவி திரும்பவில்லை. “இப்ப மழை வரப்போகுது பேச்சி. வரேக்கை பாப்பம்.”

திரும்பி வரும் பாதை இதுவல்ல என்பது அவருக்குத் தெரியும். கதிர்காமத்திலிருந்து தெற்கு அதிவேக வீதியால் நேரே கொழும்பு. பேச்சியம்மாவுக்கு வரைபடம் தெரியாது. வரேக்கை என்றால் வரும்போது என்று மட்டும் தெரியும். கருவாட்டுப் பையைக் காலால் தடவிப் பார்த்துக்கொண்டாள்.

கதிர்காமத்தில் நேர்த்தி குறையில்லாமல் முடிந்தது. கற்பூரம் ஏற்றி, “முருகா, எங்கண்ணனுக்கு அந்தச் சளி கொறையட்டும்,” என்று பேச்சியம்மா வாய்விட்டுக் கேட்டாள். பக்கத்தில் கைகூப்பி நின்ற சரோஜினிதேவிக்கு அது கேட்டது. கண்ணை மூடிக்கொண்டார்.

வெள்ளவத்தைக்கு வந்து, பெட்டிகளை இறக்கி, தேத்தண்ணி குடித்தபிறகு சொன்னார். “பேச்சி, இப்பத்தான் போன் வந்தது.”

விடிந்ததும் அவள் பஸ் பிடித்தாள். தோட்டத்துக்குப் போனபோது மண்ணின் மேல் போட்ட பூ வாடிக் கிடந்தது.

“ஏன் அத்தை வரல?” என்று சாந்தகுமார் கேட்டான். “மொத நா காலையிலேயே அந்தம்மாகிட்ட சொன்னேனே. வேன்ல வந்துக்கிட்டிருக்கோம்னாங்க. மறுக்கா எத்தனையோ தடவ அடிச்சேன், எடுக்கல. மலையில சிக்னல் இல்லன்னு நெனச்சிக்கிட்டு இருட்டுற வரைக்கும் வச்சிருந்தோம். கீழ ரோட்டுல வேன் சத்தம் கேக்குறப்பல்லாம் அம்மா எழும்பி எழும்பிப் பாத்திச்சு.”

அண்ணி கருவாட்டுப் பையை வாங்கி முகர்ந்து பார்த்தாள். “கருமாதி முடியாம இத அடுப்புல வைக்க ஏலாதே புள்ள,” என்று சொல்லி, அப்படியே மடியில் வைத்துக்கொண்டு அழுதாள்.

பதினாறு முடிந்து பேச்சியம்மா வெள்ளவத்தைக்கு வந்தது உடுப்பு எடுக்கத்தான். சண்டை போடவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள்.

“இறம்பொடையில வரேக்கை பாப்பம்னீங்களே அம்மா. அப்ப ஒங்களுக்குத் தெரியுமா?”

“நேர்த்திக்கடன் பேச்சி. நான் என்ன செய்ய? அதை நினைச்சு நினைச்சு எனக்கும் நித்திரையில்லை.”

“எனக்குச் சொல்லியிருந்தா நான் எறங்கிப் போயிருப்பேனேம்மா. நீங்க ஒங்க பாட்டுக்குச் சாமி கும்பிட்டிருக்கலாம். பொணத்தத் தூக்கிக்கிட்டா வேன்ல ஏறப் போறேன்?”

சரோஜினிதேவி கதவு வரை வந்து, போகாதை என்று மட்டும் சொன்னார். இப்போது அந்த வீட்டில் அவர் தனியாகச் சமைக்கிறார். அந்தத் தனிமையைப் பார்த்து எனக்கு மகிழ்ச்சியில்லை. ஒரு பொய்யான பயம், ஒருவரையொருவர் தாங்கி வாழ்ந்த இரண்டு பெண்களைப் பிரித்துவிட்டது.

பேச்சியம்மா கொட்டாஞ்சேனையில் ஒரு சாப்பாட்டுக் கடையின் பின்னால் தேங்காய் துருவுகிறாள். கழுத்தில் கயிறு கட்டிச் சின்ன போன் ஒன்று தொங்குகிறது. அது அடித்தால், கையில் தேங்காய்த் துருவல் இருந்தாலும் எடுத்துவிடுகிறாள். “அன்னைக்கு நானே ஷாமில் தம்பிகிட்ட நிப்பாட்டுங்கன்னு சொல்லியிருக்கணும்,” என்கிறாள். “நிப்பாட்டியிருக்கும் அந்தப் புள்ள.” குற்றம் செய்தவர்கள் வேறு இருக்க, வருந்துவது அவளாக இருக்கிறது.

நீங்கள் இதை வாசித்து முடித்ததும் சமையலறைக்குப் போங்கள். அங்கே நிற்பவளிடம், ஊரில் அவளுக்கு யார் யார் இருக்கிறார்கள், அவர்கள் சுகமா என்று கேளுங்கள். அவள் கையில் அவளுக்கென்று ஒரு போன் இருக்கட்டும். அவளுக்கான செய்தி உங்களிடம் வந்தால், நல்ல நாள் கெட்ட நாள் பார்க்காமல், வந்த நிமிடமே அவளிடம் கொடுத்துவிடுங்கள்.