மொட்டை மாடியில் வெளுத்த கள்ளி

முத்துமாரியும் அவள் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர் சண்முகையாவும் ஒருவரோடொருவர் நல்லபடியாகப் பேசி அந்தத் தெருவில் யாரும் கேட்டதில்லை. சங்கரன்கோவிலில் பகலெல்லாம் தறிச் சத்தம் கேட்கும் தெரு அது. கீழ்வீட்டில் சண்முகையாவும் மனைவி கோமதித்தாயும் இருந்தார்கள். மாடியில் ஓர் அறை, ஒரு சமையல்கட்டு. அதில் முத்துமாரி, தறிக்குப் போகும் கணவன், பத்தாம் வகுப்பு படிக்கும் மகள் காவியா. மாடியின் மிச்ச இடமெல்லாம் கள்ளித் தொட்டிகள்.

தாலுகா ஆபீஸில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்ற சண்முகையா அவற்றைக் கள்ளி என்று சொல்லமாட்டார். கேக்டஸ் என்பார். மொத்தம் முப்பத்தெட்டுத் தொட்டி. மேலே பச்சை நிழல்வலை கட்டியிருந்தார். வலையைத் தாங்கிய கம்பிகளில் முத்துமாரி துணி காயப்போட்டதுதான் சண்டையின் ஆரம்பம். தை மாதக் கடைசியில் ஒருநாள், கம்பியில் காவியாவின் பாவாடை காய்ந்துகொண்டிருந்தபோதே, வலையையும் கம்பியையும் பிரித்து இறக்கிவிட்டார்.

“இனி எங்கன காயப்போடுதான்னு பாக்கேன்” என்றார்.

மாசி பாதியில் செடிகள் வெளுத்தன. பங்குனி பிறப்பதற்குள் பத்துப் பன்னிரண்டு செடிகளில் கருப்பும் விழுந்துவிட்டது. ஒரு காலையில் படியேறி வந்தவர், துவைகல்லருகே நின்றிருந்தவளைப் பார்த்துக் கத்தினார்.

“என்னத்தட்டி ஊத்துன? உள்ளதச் சொல்லு.”

“நான் ஒண்ணும் ஊத்தலை அண்ணாச்சி.”

“சோப்புத் தண்ணி, பிளீச்சிங் பவுடரு, எல்லாத்தையும் ஊத்திக் கொன்னுட்டு ஒண்ணும் ஊத்தலையாம். பத்து நாள்ல வீட்டக் காலி பண்ணு.”

பத்தாவது நாள்தான் காவியாவுக்குப் பரீட்சை தொடங்குகிறது. முத்துமாரி அதைச் சொன்னாள்.

“அதுக்கு நான் என்ன செய்ய? செடி செத்தா திரும்பி வருமா?”

முத்துமாரி குருவிகுளம் பக்கத்து மானாவாரி ஊர்க்காரி. பதினாறு வயதில் புளியங்குடியில் ஓர் எலுமிச்சை நாற்றுப் பண்ணைக்குக் கூலிக்குப் போனாள். பன்னிரண்டு வருடம் அங்கே வேலை. கன்று பட்டுப்போனால் திட்டு விழும். ஏன் பட்டுப்போனது என்று சொல்ல ஆள் கிடையாது. அதனால் பட்டுப்போன ஒவ்வொரு கன்றின் நாற்றுப்பையையும் கிழித்து, வேரைக் கழுவி, தண்டைக் கீறிப் பார்த்தாள். இலையின் எந்தப் பக்கம் முதலில் கருகியது, மண் எத்தனை விரல் ஆழத்தில் ஈரமாக இருந்தது என்று தானாகவே பார்த்துப் பழகினாள். நிழலிலிருந்த கன்றை வெயிலுக்கு மாற்றும்போது, மேற்கே பார்த்திருந்த பக்கத்துக்கு நேராகப் பையில் சுண்ணாம்புப் பொட்டு வைப்பாள். மாற்றிய இடத்திலும் பொட்டு மேற்கைப் பார்க்க வேண்டும். திரும்பிவிட்டால், வெயில் பார்க்காத பக்கம் வெந்துபோகும்.

அன்று அவள் கூலி வேலைக்குப் போகவில்லை. ஒவ்வொரு தொட்டியாக உட்கார்ந்து பார்த்தாள். மறுநாள் காலையில் கீழே போய், “அண்ணாச்சி, மேல வாங்க. அக்கா, நீங்களும் வாங்க” என்றாள்.

“எலுமிச்சங்கன்னுக்குத் தண்ணி ஊத்துனவ எனக்கு கேக்டஸ் படிச்சுக் குடுக்கப் போறாளாக்கும்” என்று சொல்லிக்கொண்டே வந்தார் சண்முகையா.

முத்துமாரி துவைகல்லை ஒட்டியிருந்த தொட்டியைக் காட்டினாள். “சோப்புத் தண்ணி தெறிச்சா மொதல்ல இதுலதான் தெறிக்கணும். இதுக்கு என்ன கேடு?”

அந்தச் செடி பச்சையாக இருந்தது. மத்தியானத்துக்கு மேல் தண்ணீர்த் தொட்டியின் நிழல் விழும் இடம் அது. பிறகு வெளுத்த செடிகளை வரிசையாகக் காட்டினாள். எல்லாவற்றிலும் வெளுப்பு மேற்குப் பக்கம் மட்டும். அழுத்தினால் உள்ளே அமுங்காமல், காய்ந்த ஓலைபோல் கெட்டியாக இருந்தது.

“இது வெயில்ல வெந்தது. இனி இது பச்சையாவாது. ஆனா செடி சாகாது. அடியில காப்பிக்கலர்ல பட்டை மாதிரி இருக்கே, அது வயசு. நோவு இல்லை.”

“அப்ப இந்தக் கருப்பு?”

இந்த இடத்தில்தான் அவள் கொஞ்சம் தயங்கினாள். வெளுத்த இடங்களைப் பார்த்துப் பயந்து, சண்முகையா கோவில் புற்றுமண்ணை வாங்கிவந்து குழைத்துப் பூசியிருந்தார். தோலில் எது வந்தாலும் இந்த ஊரில் முதலில் பூசுவது அதைத்தான். மண் காய்ந்து உதிராமலிருக்கத் தினமும் காலையில் தண்ணீரும் தெளித்திருந்தார்.

அவள் கத்தியால் ஒரு செடியின் மண்பூச்சைச் சுரண்டினாள். அடியில் சதை கறுத்துக் கூழாகியிருந்தது. நாற்றம் வந்தது.

“வெளுத்தது வெயில்ல. அழுகுனது ஈரத்துல.”

“அம்மன் மண்ணையா குத்தம் சொல்லுத? நாக்கு அழுகிரும்!”

“எம்பிள்ளைக்குச் சொறி வந்தப்ப நானும் அதத்தான் பூசுனேன். மனுசத் தோலு காஞ்சிரும். இதுக்கு ஒடம்பு பூரா தண்ணி. வெந்த புண்ணுல மண்ண அப்பி, தெனம் நனைச்சா எப்படிக் காயும்? மண்ணு மேல குத்தமில்லை. பூசுன ஆளு மேலதான்.”

சண்முகையா கை ஓங்கவில்லை; மிச்சமெல்லாம் செய்தார். தொண்டை கட்டும்வரை கத்தினார். அவர் மூச்சு வாங்கிய நேரத்தில் கோமதித்தாய் கேட்டாள்:

“வலையப் பிரிச்சது யாரு?”

“நீ சும்மா இரு.”

“ஒரு சின்னப்பிள்ள பாவாட காயுதது பொறுக்காம வலையப் பிரிச்சீய. வெந்துபோச்சு. இப்ப அவள வெரட்டுனா வெந்தது பச்சையாயிருமா?”

அவர் படியிறங்கிப் போனார்.

முத்துமாரி தன் வேலையை முடித்தாள். அழுகிய சதையை, உள்ளே சுத்தமான பச்சை தெரியும்வரை வெட்டினாள். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியைத் தீயில் காட்டினாள். வெட்டுவாயில் சாம்பல் தடவி, நிழலில் காயவிட்டாள். மூன்று செடிகள் தேறாது என்று தனியே எடுத்து வைத்தாள். மிச்சத் தொட்டிகளில் பொடிமண்ணைக் கொட்டிவிட்டு, ஆற்றுமணலும் செங்கல் துண்டும் கலந்து நிரப்பினாள். ஈர்க்குச்சியை அடிவரை குத்தி எடுத்தால் மண் ஒட்டாத நாளில் மட்டும் தண்ணீர் விட வேண்டும், அதுவும் செடிமேல் படாமல் என்று கோமதித்தாயிடம் சொன்னாள். ஒவ்வொரு தொட்டியிலும் மேற்குப் பக்கம் சுண்ணாம்புப் பொட்டு வைத்தாள்.

ஐந்தாம் நாள் மாடியில் மறுபடி வலை ஏறியது. காலி பண்ணும் பேச்சு அதன்பிறகு வரவில்லை. மன்னிப்பும் வரவில்லை. காவியா பரீட்சைக்குக் கிளம்பிய காலையில் சண்முகையா வாசலில் நின்றிருந்தார், முகத்தைத் திருப்பிக்கொண்டார். முத்துமாரியும் அவரைப் பார்க்கவில்லை. மேலே போய் வலைக் கம்பியில் வேண்டுமென்றே இரண்டு போர்வைகளைக் காயப்போட்டாள்.

அப்போதுதான் கவனித்தாள். சுண்ணாம்புப் பொட்டுகள் ஒன்றுகூட இல்லை. எல்லாவற்றையும் சண்முகையா தேய்த்துக் கழுவியிருந்தார். முதல் தொட்டியருகே குனிந்தாள். பொட்டு இருந்த அதே இடத்தில், தண்ணீர் பட்டாலும் அழியாதபடி, ஆணியால் ஆழமாக ஒரு கோடு கீறியிருந்தது. முப்பத்தைந்து தொட்டியிலும் அப்படியே. ஒன்றுகூடத் தவறாமல், எல்லாம் மேற்கைப் பார்த்து.