ஓடாத வண்டிக்கு ஒரு டிரைவர்

கம்பத்திலிருந்து தேனிக்குப் போகிற பேருந்தில், ஜன்னலோரம் உட்கார்ந்து ஈஸ்வரபாண்டி கிளட்சை மிதித்துக்கொண்டிருந்தார். பயணிகள் சீட்டில் கிளட்சு ஏது? முன்சீட்டுக்காரர் காலடியில் தள்ளி வைத்திருந்த தக்காளிப் பைதான் இருந்தது. வேகத்தடை வந்தபோதெல்லாம் இவருடைய இடது கால் தானாக அந்தப் பையை அழுத்தியது. அழுத்தியபோதெல்லாம் முழங்கால் சுருக்கென்றது. சுருக்கென்றபோதெல்லாம் வாய் "ஆத்தா" என்றது. உத்தமபாளையம் தாண்டுவதற்குள் தக்காளிக்காரர் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"பதினொண்ணு" என்றாள் பக்கத்தில் இருந்த மனைவி பவானி.

"எது?"

"ஆத்தா. வீட்ட விட்டுக் கெளம்புனதுலருந்து பதினொண்ணு."

ஐம்பத்தெட்டு வயதாகிற ஈஸ்வரபாண்டி ஜீப் டிரைவர். முப்பத்தொரு வருஷமாக, ஏலத்தோட்ட வேலைக்குப் போகிற பெண்களை விடியற்காலையில் கம்பத்தில் ஏற்றி, கம்பம்மெட்டு வழியாக மலைக்கு மேல் கொண்டுபோய் விட்டு, பொழுது சாயத் திருப்பிக் கொண்டுவருகிறவர். ஜீப்பு சொந்த ஜீப்பு. அதில் எத்தனை பேரை ஏற்றலாம் என்று சட்டம் ஒரு எண் சொல்கிறது. இவர் ஏற்றுகிற எண் வேறு. கேட்டால், "எல்லாம் மெலிஞ்ச பொம்பளைக சார்" என்பார். திரும்பும்போது ஆட்களை எண்ணமாட்டார், தூக்குவாளிகளைத்தான் எண்ணுவார். பேச்சு சுவாரசியத்தில் ஆள் விட்டுப்போனாலும் தூக்குவாளி விட்டுப்போகாது என்பது அவர் கண்ட அனுபவம். வளைவில் வழிவிடாத லாரிக்காரர்களை மலையாளத்தில் திட்டுவார். அவருக்குத் தெரிந்த மொத்த மலையாளமும் அவ்வளவுதான்.

முப்பத்தொரு வருஷக் கிளட்சு இடது மூட்டைத் தின்றுவிட்டது. டாக்டர் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்து, "தேஞ்சிருக்கு" என்றார்.

"கிளட்ச் பிளேட்டு தேஞ்சா புதுசு மாத்துறோமுல்ல சார், அப்படி மாத்த முடியாதா?"

மாற்றலாம், ஆனால் அதற்கு இன்னும் காலம் இருக்கிறது, முதலில் தொடைக்குப் பலம் ஏற்றுங்கள், வீட்டிலேயே சைக்கிள் வாங்கி மிதியுங்கள் என்று சொல்லி, பிசியோதெரபி பார்க்கிற ஏஞ்சலிடம் அனுப்பினார். "அய்யா, வலி பத்துக்கு எத்தன?" என்று ஏஞ்சல் கேட்டாள். ஈஸ்வரபாண்டி கண்ணை மூடி யோசித்து, "ஏழாவது வளைவும்மா. செகண்டுல ஏறாது, பஸ்டுக்கு வந்துரணும்" என்றார். மலையேறிப் பழக்கமில்லாத அந்தப் பெண் குத்துமதிப்பாக ஏழு என்று எழுதிக்கொண்டாள்.

டாக்டர் சொன்னதற்கு மேல் பவானி ஒன்று சொன்னாள். "தை பொறக்குறதுக்குள்ள கிளட்ச மிதிச்சு, வாயில ஆத்தா வராம, தெருமுக்கு வரைக்கும் வண்டிய ஓட்டிக் காட்டுங்க. காட்டிட்டா நான் வாயத் தொறக்கல. இல்லையா, கட்டப்பனைக்காரரு கேட்டுக்கிட்டே இருக்காரு, ஜீப்ப அவருக்கே குடுத்துருவோம். மலையில பாதி வளைவுல காலு வராமப் போச்சுன்னா அத்தன பொம்பளைக உசுருக்கு யாரு பதில் சொல்றது?"

நியாயமான பேச்சு. ஈஸ்வரபாண்டியும் ஒத்துக்கொண்டார். ஜீப்பு போனால் போகட்டும் என்று வாயால் சொல்லிப் பார்த்தார், முடியவில்லை. ஜீப்பு இல்லாவிட்டால் விடியற்காலையில் "பாண்டியண்ணே, நில்லுண்ணே!" என்று ஓடிவர யார் இருக்கிறார்கள்? ஆக, தேனிக்குப் போய்ச் சரியான சைக்கிளைப் பார்த்து வாங்கியாக வேண்டும். தப்பான சைக்கிளை வாங்கினால் ஜீப்பு மலையேறி, அப்படியே கட்டப்பனைக்குப் போய்விடும்.

தேனியில் பவானி கம்பியைப் பிடித்துக்கொண்டு, படிக்கு இரண்டு காலும் வைத்து மெதுவாக இறங்கினாள். தனக்காகத்தான் மெதுவாக இறங்குகிறாள் என்று ஈஸ்வரபாண்டிக்கு உள்ளூரப் பெருமை.

ராஜா முகம்மதுவின் கடையில் உடற்பயிற்சி சைக்கிள்கள் வரிசையாக நின்றன. ஈஸ்வரபாண்டி வழக்கப்படி முதலில் டயரைத் தட்டிப் பார்க்கக் காலைத் தூக்கினார். டயர் இல்லை. கால் அந்தரத்தில் நின்று, "ஆத்தா" சொல்லிவிட்டு இறங்கியது.

"பாய், இது எவ்வளவு குடுக்கும்?"

"அண்ணே, இது எங்கயும் போகாதுண்ணே."

"போகாதுன்னு தெரியும் பாய். போகாமலே எவ்வளவு குடுக்கும்னு கேக்குறேன்."

ராஜா முகம்மது பொறுமைசாலி. பந்தயக்காரர்கள் ஓட்டுவது போன்ற ஒன்றைக் காட்டினார். ஏறிக் குனிந்த ஈஸ்வரபாண்டி, "தொலைஞ்ச ஊசியத் தேடுற மாதிரியில்ல இருக்கு" என்று சொல்லி இறங்கிவிட்டார். அடுத்ததில் கைப்பிடியும் மிதியோடு சேர்ந்து முன்னும் பின்னும் போய்வந்தது. கைக்கும் சேர்த்துப் பயிற்சி என்று ராஜா முகம்மது விளக்கினார். ஈஸ்வரபாண்டி பரிதாபமாக அவரைப் பார்த்து, "ஸ்டியரிங் ஆடுது பாய். இத எப்படி விக்கிறீக?" என்றார். அதில் ஏறுவதற்கு நடுக்கம்பியைத் தாண்டிக் காலைப் போட வேண்டியிருந்ததில் பவானியின் எண்ணிக்கை இருபதைத் தொட்டது. பவானி கடையின் முக்காலியில் உட்கார்ந்தே எண்ணினாள்.

ஏஞ்சல் ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தாள். முன்னால் குனியக் கூடாது, காலைத் தூக்கிப்போட்டு ஏறக் கூடாது, முதுகுக்குச் சாய்மானம் வேண்டும், சீட்டை அவரவர் காலுக்குத் தக்கபடி நகர்த்த முடிய வேண்டும், மிதி தூரத்துக்குப் போனாலும் முழங்கால் விறைத்து நீளாமல் லேசாக மடங்கியே இருக்க வேண்டும். பவானி அதை வாசிக்க வாசிக்க ஈஸ்வரபாண்டியின் பார்வை கடையின் மூலைக்குப் போனது. அங்கே நாற்காலி போல ஒன்று இருந்தது. அதன்மேல் ராஜா முகம்மதுவின் டீ கிளாஸ் இருந்தது.

"அது உங்களுக்கு வேணாம்ணே. ஆபரேசன் பண்ணவுக வாங்குறது. எடத்த அடைக்கும். நான் டீ குடிக்க உக்காருறேன், அவ்வளவுதான்."

ஈஸ்வரபாண்டி கிளாஸை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டு உட்கார்ந்தார். முதுகு சாய்ந்தது. கால்கள் முன்னால் நீண்டு மிதியில் பதிந்தன. இடது கை தானாகக் கீழே இறங்கி கியரைத் தேடியது. கியர் அகப்படவில்லை, ஒரு கம்பி அகப்பட்டது. இழுத்தார். சீட்டு கிடுக்கென்று பின்னால் நகர்ந்து, ஆறடி ஆளுக்குத் தோதாக நின்றது. கடையில் இருந்த மற்ற இருவருக்கும் அவர் முகம் மாறியது தெரிந்தது.

"பவானி! ஏ புள்ள! ஜீப்பு!"

பின்னோக்கி மிதித்தார். அதுவும் சுற்றியது. "ரிவர்சும் இருக்கு!"

வாங்கியாகிவிட்டது. ஆர்.சி. புத்தகம் கேட்டார். ராஜா முகம்மது வாரண்டி அட்டையைக் கொடுத்தார். அதில் இருந்த நம்பரையும் சைக்கிளின் அடியில் இருந்த நம்பரையும் ஒத்துப்பார்த்த பிறகுதான் ஈஸ்வரபாண்டி கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் சாயங்காலம், தேனியிலிருந்து பார்சலில் கம்பம் வந்த சைக்கிள் அவருடைய ஜீப்பிலேயே வீட்டுக்கு வந்து இறங்கியது. ஓட்டிவந்தவன் கர்ணன், மூட்டு சரியாகும்வரை வண்டியைப் பார்த்துக்கொள்கிற பையன். ஐந்தடிதான் இருப்பான். ஆனால் ஈஸ்வரபாண்டி வைத்த இடத்திலேயே சீட்டை வைத்து, நுனியில் தொங்கிக்கொண்டு பெருவிரலால் கிளட்சை மிதிப்பான்.

"ஏலே, டிரைவர் மாறுனா மொதல்ல சீட்ட மாத்தணும்டா. சீட்ட மாத்தாம வண்டி எடுக்குறவன் டிரைவரே இல்ல. நாளைக்கு ஒனக்கும் மூட்டுப் போகும்."

புது வண்டி வந்தால் சக்கரத்துக்குச் சக்கரம் எலுமிச்சம்பழம் வைத்து, ஏற்றி நசுக்கிவிட்டுத்தான் எடுப்பது. ஜீப்பிலிருந்து இறங்கிய பெண்கள் வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டார்கள். சந்தனம் ஆயிற்று, குங்குமம் ஆயிற்று. அவர்களில் ஒருத்தியான அன்னத்தாய் இரண்டு பழங்களை வைத்துக்கொண்டு சைக்கிளை ஒரு சுற்று சுற்றிவந்தாள்.

"அண்ணே, டயரு எங்கன இருக்கு?"

தேடிப் பார்த்ததில், தள்ளிக்கொண்டு போவதற்காக முன்பக்க அடியில் பம்பரம் அளவுக்கு இரண்டு சக்கரங்கள் இருந்தன. பழத்தை வைத்துக் கர்ணன் பின்னாலிருந்து தூக்கித் தள்ளினான். பம்பரச் சக்கரம் பழத்தின்மேல் ஏறுமா? ஒரு பழம் வழுக்கித் தெருவுக்கு ஓடியது. அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டு ஸ்கூட்டர் வந்து அதன்மேல் ஏறியது. பூசை ஸ்கூட்டருக்குப் போய்விட்டது. பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பவானி மிஞ்சிய பழத்தை எடுத்துக்கொண்டு, "ஓடாத வண்டிக்கு எதுக்குங்க பழம்? ஓடுற வண்டிக்கு வைக்கலாம்" என்று உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் விடியலில், வாசல் கேட்டைத் திறந்து வைத்து, ரோட்டைப் பார்த்துச் சைக்கிளைப் போட்டு ஓட்டம் ஆரம்பமாயிற்று. சைக்கிளில் ஒன்று முதல் எட்டுவரை ஒரு திருகு இருந்தது. ஈஸ்வரபாண்டிக்குக் கியர் சொல்லித்தர ஆள் வேண்டுமா? கம்பத்திலிருந்து மலையடிவாரம்வரை சமதளம், ஆகவே டாப் கியர், எட்டில் வைத்தார். வளைவு வர வர ஏழு, ஆறு, ஐந்து என்று குறைத்துக்கொண்டே வந்து, செங்குத்தான இடத்தில் ஒன்றுக்கு வந்தார். ஆச்சரியமான சைக்கிள்! சமதளத்தில் உயிர் போனது. மலையில் பூப்போல ஏறியது.

மூன்றாம் நாள் மூட்டு பலாக்காய் மாதிரி வீங்கிவிட்டது. ஏஞ்சல் வீட்டுக்கே வந்து பார்த்தாள்.

"எந்த நம்பர்ல வச்சு மிதிச்சீங்கய்யா?"

"சமதளந்தானம்மா, டாப்புலதான்."

ஏஞ்சலுக்கு விஷயம் பிடிபட ஐந்து நிமிஷம் ஆயிற்று. இந்தச் சைக்கிளில் எட்டுதான் செங்குத்து, ஒன்றுதான் சமதளம் என்று சொல்லி, சிரிப்பை அடக்க முடியாமல் தண்ணீர் வாங்கிக் குடித்தாள். "கியர தலைகீழா வச்சுப் பண்ணியிருக்கான் பாரு, எவன்டா அந்த மெக்கானிக்கு" என்று ஈஸ்வரபாண்டி முனகினார். பவானி சிரிக்கவில்லை. உள்ளே போய்க் கட்டப்பனைக்காரரின் நம்பரைத் தேடி, நாள்காட்டி ஓரத்தில் எழுதி வைத்தாள். அதைப் பார்த்துக்கொண்டே வீக்கத்துக்கு ஐஸ் வைத்த அந்த ஒரு வாரம் ஈஸ்வரபாண்டிக்குச் சோறு இறங்கவில்லை.

அப்புறம் மனுஷன் ஏஞ்சல் கிழித்த கோட்டைத் தாண்டவில்லை. ஒன்றில் வைத்து ஐந்து நிமிஷம். பிறகு பத்து. கார்த்திகையில் இரண்டுக்கு வந்தார். விடியலில் கேட் வழியாக ஜீப்பு தாண்டும்போது அன்னத்தாய் தலையை நீட்டி, "அண்ணே, எங்கன வந்திருக்க?" என்று கத்துவாள். "அடிவாரம்!" என்பார். "நாங்க மேல போயி எறங்கியே வந்துருவோம், நீ வந்து சேரு!" ஜீப்பு மொத்தமும் சிரித்துக்கொண்டு போகும். ஈஸ்வரபாண்டி சிரிக்கமாட்டார், கர்ணன் கியர் மாற்றுகிற சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டு, "பல்லக் கடிக்குது, பல்லக் கடிக்குது" என்று வேதனைப்படுவார். பவானியின் எண்ணிக்கை நாளுக்கு நாற்பதிலிருந்து இருபதாகி, மார்கழியில் ஆறாகியது.

மார்கழியின் கடைசி நாள். வாசலில் ஜீப்பு நின்றது. கர்ணன் சாவியைக் கொடுத்தான். அன்னத்தாயும் நாலைந்து பெண்களும் தூக்குவாளியோடு நின்றார்கள். பவானி ஜீப்பின் பக்கத்தில் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். ஈஸ்வரபாண்டி உள்ளே ஏறக் காலைத் தூக்கினார். பாழாய்ப்போன வாய் திறந்துகொண்டது.

"ஆ..."

பவானி நிமிர்ந்து பார்த்தாள்.

"...ரன் வேல செய்யுதாடா கர்ணா?" என்றவர், எட்டி ஆரனை ஒரு அழுத்து அழுத்தினார். தெரு நாய்கள் எழுந்து ஓடின. பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். ஏறுவது நிபந்தனையில் இல்லை என்று அன்னத்தாய் தீர்ப்புச் சொன்னாள்.

சீட்டைப் பின்னால் தள்ளினார். கிளட்சை மிதித்தார். சத்தம் இல்லை. கியர் விழுந்தது. ஜீப்பு தெருமுக்குவரை போய்த் திரும்பி வந்து, வாசலில் பழைய இடத்திலேயே நின்றது. கிளட்சை எத்தனை தடவை மிதித்திருப்பார்? ஒரு தடவைகூட ஆத்தா வரவில்லை. அவர் கண் கலங்கியிருந்தது. தூசி என்றார்.

பவானி வீட்டுக்குள் போய் ஒரு எலுமிச்சம்பழத்தோடு வந்தாள். முன்டயருக்கு அடியில் அதை வைக்கக் குனிந்து, குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். வைத்தாள். எழுந்திருக்க மட்கார்டைப் பிடித்தாள்.

"ஆத்தா" என்றாள்.

ஈஸ்வரபாண்டி மேலேயிருந்து எட்டிப் பார்த்தார். மூன்று மாதமாக அவருடையதைத்தான் எண்ணினார்கள். இவளுடையதை யாரும் எண்ணவில்லை.

"எத்தன நாளா?"

"எது?"

"ஆத்தா."

"அது கெடக்கு. ரெண்டு வருசமா இருக்கு. நீங்க டயர ஏத்துங்க, நேரமாகுதுல்ல."

அவர் டயரை ஏற்றவில்லை. இஞ்சினை ஓடவிட்டு இறங்கினார். இறங்கும்போது அவர் வாயிலும் ஒரு ஆத்தா வந்தது, அதை மறைக்க அவர் ஆரனைத் தேடவில்லை. கேட்டைத் தாண்டிச் சைக்கிளருகே போய்க் குனிந்து, சீட்டுக்கு அடியில் இருந்த கம்பியைப் பிடித்தார். கிடுக், கிடுக், கிடுக் என்று மூன்று பல் முன்னால் தள்ளினார். திரும்பி பவானியின் காலை ஒரு தரம் அளவு பார்த்துவிட்டு, இன்னும் ஒரு பல் தள்ளினார்.