ஜல்தி விதி

தரணேந்திரன் அண்ணாவை ஆட்டத்திலிருந்து நீக்கி நான்கு நாள் ஆகிறது.

ஆரணியில் ஜரிகைக் கடை வைத்திருப்பவர். மனைவி தவறிவிட்டார், மகன் புனேயில். ஞாயிறு மாலை கடைக்குள் எங்கள் ஐந்து பேரையும் உட்கார வைத்து ஆட்டம் தொடங்குவார். சீட்டுமில்லை, தாயமுமில்லை. நாங்களே விதி போட்டு, நாங்களே மாற்றி ஆடும் ஆட்டம். கொண்டுவந்த தீர்மானம் ஓட்டில் ஜெயித்தால் ஐந்து புள்ளி. ஒன்பது வருஷத்தில் இருநூறு விதிகள், எல்லாம் அவர் கையெழுத்தில். திங்கட்கிழமையே அடுத்த ஞாயிற்றுக்குத் தயாராகிவிடுவார் மனுஷர். அவருக்கு வேறு என்ன இருக்கிறது?

ஒவ்வொரு ஓட்டுக்கும் ஒரு வாரம் காத்திருப்பது பேஜார் என்று நாங்கள்தான் முணுமுணுத்தோம். அதற்காக அவரே ஜல்தி விதியை எழுதினார். தீர்மானத்தோடு "ஜல்தி" என்று சேர்த்துச் சொன்னால் பத்தே நிமிடம். அதற்குள் ஒரே ஒருவர் வாய் திறந்து "மறுக்கிறேன்" என்றால் போதும், வழக்கமான ஓட்டுக்குப் போய்விடும். யாரும் சொல்லாவிட்டால் அப்போதே விதி.

அந்த ஞாயிறு சதுர்த்தசி. சதுர்த்தசி தோறும் அண்ணா மௌன விரதம். மறுநாள் சூரியோதயம் வரை பேச்சுமில்லை, எழுத்துமில்லை. அப்படியும் எங்களுக்கு டீ ஊற்றிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தார்.

எங்கள் ஐவரில் சுதாகர் எழுந்தான். முந்தின வாரம் அண்ணா அவனுக்கு மூன்று புள்ளி குறைத்திருந்தார்.

"அறுபது தாண்டினவங்க ஆட்டத்துல இல்ல. ஜல்தி."

போன மாதம்தான் அண்ணாவுக்கு அறுபது முடிந்து கேசரி சாப்பிட்டோம். ஆனாலும் விளையாட்டுக்குச் சொல்கிறான் என்று நினைத்தேன். அண்ணா விரதத்தை விடுவாரா மாட்டாரா என்று எல்லோரும் அவர் வாயையே வேடிக்கை பார்த்தோம். அவர் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். கடிகாரம் பத்து நிமிடத்தைத் தாண்டிவிட்டது.

விதி நோட்டை எடுத்து சுதாகரிடம் கொடுத்தார். தன் கடையை விட்டுத் தானே இறங்கி, வெளியே படியில் உட்கார்ந்துகொண்டார். அடப்பாவிகளா, அப்போதும் எங்கள் வாய் திறக்கவில்லை.

திங்கள் காலை ஓடினேன். ஜரிகைக் கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"அடுத்த ஞாயிறு ஓட்டு போட்டு மாத்திடலாங்கண்ணா."

"மாத்தலாம்மா," என்றார். பிறகு நிமிர்ந்து கேட்டார்.

"நேத்து எனக்குதான் விரதம். உனக்கு இன்னா?"