நாலு மெம்பரா, ஆறு மெம்பரா?

உப்புத் தண்ணீரை நல்ல தண்ணீராக்குவது மெம்பரேனின் வேலை. எத்தனை மெம்பரேன் வேண்டும் என்று கணக்குப் போடுவது என் வேலை. அந்த எண்ணிக்கையைக் குறைக்கச் சொல்வது மற்ற எல்லாருடைய வேலை.

ஆரணியில் ஆர்.ஓ. பிளான்ட் போட்டுக்கொடுக்கும் சிறிய கம்பெனி ஒன்றில் இருக்கிறேன். மெம்பரேன் என்பது சுருட்டி வைத்த பாய் மாதிரி நீளமான ஒரு வடிகட்டி. பம்பு அழுத்தித் தள்ளுகிற தண்ணீரில் நல்லது ஒரு குழாயில் வரும், உப்பு சேர்ந்தது இன்னொரு குழாயில் வெளியேறும். தண்ணீர் உப்பாக இருக்க இருக்க ஒவ்வொரு மெம்பரேனிடமும் குறைவாகத்தான் வேலை வாங்க வேண்டும். அதிகம் வாங்கினால் அடைத்துக்கொள்ளும். விஷயம் இவ்வளவுதான், இதற்குத்தான் நான் கெமிக்கல் இன்ஜினியரிங் படித்தேன்.

எங்கள் ஊர் தேசூர் பக்கம். வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். வேலையில் சேர்ந்தபோது ஓனர் தாமோதரன் சார், "ஆறு மாசம் பார்க்கலாம், சரியா இருந்தா நிரந்தரம்" என்றார். அந்தக் கெடுவில் பாதி தாண்டியபோது ஏழுமலை அண்ணனின் சாயப்பட்டறை ஆர்டர் வந்தது. டிரெய்னியாக இருந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், அப்போது எனக்குச் சாப்பாடு எப்படி இறங்கியிருக்கும் என்று அவர்களுக்குத் தெரியும்.

குடும்ப விவரம்

எங்கள் தொழிலில் மெம்பரேன் என்று முழுசாகச் சொல்ல யாருக்கும் பொறுமை இல்லை. கடைக்காரர், ஃபிட்டர், ஓனர் எல்லாருக்கும் அது மெம்பர்தான். நானும் பழகிக்கொண்டேன். ஏழுமலை அண்ணன் எண்ணுக்குப் போன் செய்தபோது எடுத்தது அவர் மனைவி கன்னியம்மா. கம்பெனி பெயரைச் சொல்லி, "எத்தனை மெம்பர்னு கணக்குப் போடணும்கா, கொஞ்சம் விவரம் வேணும்" என்றேன்.

அந்தப் பக்கம் குரல் தணிந்தது. பட்டறைக்கு அரசாங்கத்திலிருந்து ஏதோ விசாரிக்கிறார்கள் என்று நினைத்துவிட்டார்.

"எங்க ஊட்ல நாலு மெம்பரு மேடம். ரேஷன் கார்டுல மட்டும் அஞ்சு இருக்கும், மாமியா பேரை இன்னும் எடுக்கல. அதையெல்லாமா பார்ப்பாங்க?"

சுத்தமான பாட்டில்

கணக்கு ஆரம்பிப்பதே தண்ணீர் சாம்பிளில்தான். மறுநாள் ஏழுமலை அண்ணன் நேரில் வந்து ஒரு பாட்டிலைக் கொடுத்தார். லேபிளைக் கிழித்து, தேய்த்துக் கழுவி, மூடியைத் துணியால் சுற்றியிருந்தார். மீட்டரை வைத்துப் பார்த்தால் உப்பு ரொம்பவே குறைவு. அவர் கேட்ட மணிக்கு ஆயிரம் லிட்டருக்கு நாலு மெம்பரேன் தாராளம். ஓனருக்குச் சந்தோஷம். நாலு என்று அன்றைக்கே விலை சொல்லி அனுப்பிவிட்டார்.

எனக்குத்தான் உறுத்தியது. தண்ணீர் இவ்வளவு நன்றாக இருந்தால் இவருக்கு ஆர்.ஓ. எதற்கு? ரெண்டு நாள் யோசித்துவிட்டு, தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்ற முன்னுரையோடு போன் செய்து கேட்டேன். அவர் தப்பாக எடுத்துக்கொள்ளவே இல்லை.

"அது கேன் தண்ணிமா. டெஸ்டுக்குப் போவுதுன்னு சொன்னீங்க, எங்க போர் தண்ணியக் குடுத்தா நம்மளப் பத்தி இன்னா நினைப்பாங்க?"

திட்டு

அடுத்த நாள் நானே பட்டறைக்குப் போனேன். போர் குழாயடியில் மீட்டரை வைத்ததும் எண் ஏறிக்கொண்டே போனது. நான் மீட்டரைத் துடைத்துவிட்டு மறுபடி வைத்தேன். அதே எண்.

உள்ளே பட்டு நூல் சிட்டங்களைக் கழியில் மாட்டி, கொதிக்கிற சாயத்தில் திருப்பித் திருப்பி முக்கிக்கொண்டிருந்தார்கள். காய்ந்த ஒரு சிட்டத்தை ஏழுமலை அண்ணன் வெளிச்சத்தில் விரித்துக் காட்டினார். அரக்குச் சிவப்பில் அங்கங்கே வெளுத்த திட்டுகள். தண்ணீரில் இருக்கிற சுண்ணாம்பும் உப்பும் சாயத்தைச் சீராகப் பிடிக்க விடுவதில்லை. புடவை நெய்யக் கொடுக்கிறவர் ஒருவர்தான் இவருக்கு நிறைய நூல் அனுப்புகிறார். ரெண்டு முறை திருப்பி அனுப்பிவிட்டாராம். வேறு பட்டறையைப் பார்த்துக்கொண்டிருப்பதாகக் காதில் விழுந்ததாம்.

அங்கேயே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து கணக்கைத் திரும்பப் போட்டேன். ஆறு வந்தது. அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல், ஆபீசுக்குப் போய்ப் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"இன்னாமா, டாக்டர் மாதிரி வெளிய வந்து சொல்றேங்கற?"

ஓனரின் அறை

தாமோதரன் சார் கெட்டவர் இல்லை. ஒருமுறை நாலு என்று சொல்லிவிட்டு இப்போது ஆறு என்றால், விலை ஏற்றத் தந்திரம் செய்கிறோம் என்று ஆள் வேறு கம்பெனிக்குப் போய்விடுவார் என்பது அவர் பயம். அதில் நியாயம் இருந்தது. "நாலே போட்டுக் கையெழுத்துப் போடு ரேவதி. மொதல் வருஷம் ஓடும். அப்புறம் சர்வீஸ்ல பார்த்துக்கலாம்" என்றார்.

டிசைன் தாளில் என் கையெழுத்துக்குத்தான் இடம் இருக்கிறது. ஆர்டர் போனால் என் நிரந்தரமும் அதோடு போகும் என்று யாரும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. எனக்கு எதிர்த்துப் பேச வராது. ஆறு என்று எழுதி, அதன் கீழே, "நாலு போட்டால் இந்தப் போர் தண்ணீரில் மணிக்கு எழுநூறு லிட்டருக்கு மேல் எடுக்கக்கூடாது" என்று சேர்த்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

அவர் தாளை ரெண்டு தரம் படித்தார். பிறகு மேசை மேல் வைத்தார்.

"கணக்கு கரெக்டுதாம்மா. இந்தக் கரெக்டான கணக்கைக் கஸ்டமர்கிட்ட நீயே போய்ச் சொல்லு, நான் வரல."

ஆறு

பஸ்ஸில் மனப்பாடம் செய்துகொண்டு போனது எதுவும் வாயில் வரவில்லை. "நாலுன்னு சொன்னது கேன் தண்ணிக்கு. உங்க போருக்கு ஆறு வேணும்ணா" என்று மட்டும் சொன்னேன். ஏழுமலை அண்ணன் கையில் இருந்த சாயத்தைத் துணியில் துடைத்துக்கொண்டே கேட்டார். "நாலு போட்டா ஓடாதா?"

"ஓடும். ஆயிரம் எடுக்க எடுக்க அடைச்சிகினே வரும். அப்புறம் வர்ற தண்ணியும் உப்பாயிடும்."

"உப்பானா?"

"பழையபடி திட்டு உழும்."

கன்னியம்மா குறுக்கே வந்தார். "போன வாரம் நாலு, இந்த வாரம் ஆறு. அடுத்த வாரம் எட்டுன்னு வருவியா பாப்பா?" நான், தண்ணீர் மாறாவிட்டால் எண் மாறாது என்றேன். உண்மையைச் சொன்னதற்கு அவர் முகத்தில் எந்த மதிப்பெண்ணும் கிடைக்கவில்லை. ஏழுமலை அண்ணன் கொடியில் தொங்கிய திட்டு விழுந்த சிட்டம் ஒன்றை இழுத்துக் காட்டினார்.

"நூலுல திட்டு உழுந்தா, அந்தாள்கிட்ட திட்டு உழறது எனக்குத்தான். ஆறே போடுமா, பேஜாரு வேணாம்."

வேஸ்ட்

பிளான்ட் ஓட ஆரம்பித்தது. சிவப்பு சிவப்பாகவே வந்தது. குழாய்களைக் காட்டிக் கன்னியம்மாவிடம், "இது நல்ல தண்ணிக்கா, அது வேஸ்ட்" என்று விளக்கிவிட்டு வந்தேன். அதற்குள் என் கெடுவும் முடியப் போகிற சமயம். அப்போதுதான் பட்டறையிலிருந்து போன் வந்தது. தண்ணீர் பாதியாகிவிட்டது. ஓனர் என்னைப் பார்த்து, "ஆறு போட்டுமா?" என்று மட்டும் கேட்டார்.

சர்வீஸ் பார்க்கும் முருகன் அண்ணனோடு வண்டியில் போகும்போது நான் கணக்கில் எங்கே தப்பு என்று தேடிக்கொண்டே போனேன். போய்ப் பார்த்தால் உப்புத் தண்ணீர் வெளியேறும் குழாயின் வால்வு ஏறக்குறைய மூடிக் கிடந்தது. மூடினால் முதலில் நல்ல தண்ணீர் கூடும். வெளியே போக வழியில்லாத உப்பு பிறகு மெம்பரேன் மேலேயே படிந்து அதை அடைக்கும். முதல் சில நாள் தண்ணீர் கூடியதில் கன்னியம்மாவுக்கு ஒரே திருப்தி. யார் மூடினது என்று முருகன் அண்ணன் கேட்டதும் ஒளிக்காமல் முன்னால் வந்து நின்றார்.

"நான்தான் மூடினேன். வேஸ்ட்டுன்னு நீதான பாப்பா சொன்ன, வேஸ்ட்டா போறதப் பார்த்துகினு யாரு சும்மா இருப்பாங்க?"

நிரந்தரம்

ஆசிட் விட்டுக் கழுவியதில் தண்ணீர் ஏறக்குறைய பழைய அளவுக்கு வந்தது. அந்த வால்வின் கைப்பிடியை முருகன் அண்ணன் கழற்றி எடுத்துக்கொண்டார். ஆபீசில் வந்து, "நாலு போட்டிருந்தா இந்நேரம் நாலும் குப்பைக்குப் போயிருக்கும் சார்" என்றும் சொன்னார். அது உண்மையா என்று எனக்குத் தெரியாது. அன்றைக்கு மட்டும் நான் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை.

அதன் பிறகு எந்தக் கஸ்டமரிடமும் நான் வேஸ்ட் என்று சொல்வதில்லை. உப்பு போகிற வழி என்கிறேன். அந்த மாசக் கடைசியில் தாமோதரன் சார் கூப்பிட்டார். உட்காரச் சொன்னார். அவர் உட்காரச் சொல்வது அபூர்வம்.

"ஒண்ணாந்தேதிலேர்ந்து நீ நிரந்தரம்மா. நாளைக்குப் படவேட்டுல ஒரு கஸ்டமரு, அவரும் கம்மியா போடுன்றாரு, போய் முடியாதுன்னு சொல்லிட்டு வந்துடு."

உப்பு, அழுத்தம், சூடு என்று எல்லாவற்றுக்கும் எங்கள் மெம்பரேன் கணக்கில் ஒரு கட்டம் இருக்கிறது. வீட்டில் ஒரு சொட்டையும் வீணாக்காத ஒருவர் இருக்கிறாரா என்று கேட்கத்தான் இன்னும் கட்டம் போடவில்லை.