பெட்ரோல் மசக்கை

எங்கள் வீட்டில் எல்லோரும் நெருப்பைக் கண்டு நடுங்கிய காலம் ஒன்று உண்டு. எழுபதுகளின் நடுவில், செமிலிங் என்ற ஊர்ப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் நான் பாவாடை சட்டையோடு திரிந்த வயது. காரணம், என் சித்தியின் மசக்கை.

சித்தப்பாவும் சித்தியும் எங்களோடுதான் இருந்தார்கள். அதற்கு முன் இரண்டு முறை சித்திக்குக் கரு தங்கவில்லை. இதாவது தங்க வேண்டுமே என்று சித்தப்பா நின்ற இடத்தில் நிற்காமல் அலைந்தார். சித்தியோ எதைச் சாப்பிட்டாலும் வாந்தி எடுத்தாள். கருவாட்டைப் பற்றிப் பேசினாலே கொல்லைக்கு ஓடுவாள். உட்காரவும் படுக்கவும் முடியாமல் தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்துக்கும் குழாயடிக்கும் நடந்துகொண்டே இருப்பாள். குவளைத் தண்ணீரோடு பின்னாலேயே நடந்து எனக்குக் கால் வலித்ததுதான் மிச்சம்.

ஒருநாள் சித்தப்பா மோட்டார் சைக்கிளின் டாங்கி மூடியைத் திறந்து, எண்ணெய் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். நடந்து வந்த சித்தி அங்கேயே நின்றுவிட்டாள். மூச்சை ஆழமாக இழுத்தாள். இன்னொரு முறை இழுத்தாள். அன்று ஒரு தட்டுச் சோறு முழுவதும் வயிற்றில் நின்றது.

மறுநாளிலிருந்து பெட்ரோல் வாசனை வேண்டும் என்று கேட்க ஆரம்பித்தாள். அம்மாவுக்கு இது சரியாகப் படவில்லை. எங்களோடு இருந்த பெரியம்மாதான் ஒரே பேச்சில் முடித்துவைத்தார்.

“மசக்கைக்காரி ஆசப்பட்டதக் கொடுக்கலன்னா புள்ளைக்குக் காதுல சீழ் வடியும்லா. மோந்து பாக்கத்தானே கேக்குறா, குடிக்கவா கேட்டா?”

சித்தப்பா பீடோங் டவுனில் எண்ணெய் போடும்போது ஒரு சின்னப் புட்டியிலும் பிடித்து வந்தார். கைக்குட்டையை நனைத்துக் கொடுப்பது என் வேலை. போகிற வழியில் நானும் திருட்டுத்தனமாக முகர்ந்து பார்ப்பேன். தலை கிறுகிறுக்கும், ஆனால் விட மனம் வராது.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெசர் கேள்விப்பட்டு, அடுப்புப் பக்கம் மட்டும் கொண்டுபோகாதீர்கள் என்று எச்சரித்தார். அவ்வளவுதான், வீடே ஆடிப்போயிற்று. புட்டியை எடுத்தாலே அம்மா அடுப்பை அணைத்துவிடுவார். நாங்கள் அரைவேக்காட்டுச் சோற்றைத் தின்றோம். சித்தப்பா சுருட்டை அடியோடு விட்டார். சாமி விளக்குகூட வாசலுக்குக் குடிபோனது. நெருப்பிலிருந்து அந்தப் பிள்ளையைக் காப்பாற்ற நாங்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. வாசனையைக் கண்டு மட்டும் யாரும் பயப்படவில்லை.

தம்பி பிறந்தான். பெரியம்மா முதலில் காதைத்தான் பார்த்தார். சீழ் இல்லை, பிள்ளை கொழுகொழுவென்று இருந்தான். சித்தப்பா லயம் முழுக்க மிட்டாய் கொடுத்தார். ஆனால் அவன் நடக்கவே வெகுநாளானது. பேச்சு அதைவிடத் தாமதம். வந்த சொற்களும் அவனிடம் நிற்கவில்லை.

என்ஜின் இடிக்காமல் ஓடுவதற்காக அந்தக் காலத்துப் பெட்ரோலில் ஈயம் கலந்தார்கள் என்பதும், வயிற்றுப் பிள்ளையின் மூளையை ஈயம் பாதிக்கக்கூடும் என்பதும், ஈயம் இல்லாத பெட்ரோல் வந்த பிறகு பத்திரிகையில் படித்துத்தான் எனக்குத் தெரியும். தம்பிக்கு அதுதான் காரணமா என்று இனி யாராலும் சொல்ல முடியாது. இன்றைக்கும் பெட்ரோல் நிலையத்தில் என்னால் ஓரிடத்தில் நிற்க முடிவதில்லை. சித்தியிடம் நான் இதைச் சொன்னதில்லை. அந்த வாசனைதான் தன் பிள்ளையைத் தங்கவைத்தது என்று அவள் நம்புகிறாள்.

சின்ன வயதில் இதெல்லாம் எனக்கு எங்கே தெரியும்? அவனுக்குப் பின்னால் பிறந்தவர்கள்கூடப் பள்ளிக்கூடம் போய்விட்டார்கள். அவன் மட்டும் வாசலிலேயே உட்கார்ந்து, நான் வரும்வரை காத்திருப்பான். எனக்குக் கூட்டாளி வேண்டும் என்றுதான் வளராமல் இருக்கிறான் என்று எனக்கு ஒரே பெருமை. ஒருநாள் சித்தியிடமே சொன்னேன்.

“தம்பி எப்பவும் இப்படியே இருக்கட்டும் சித்தி.”

சித்தி என்னை அடிக்கக் கையை ஓங்கினாள். ஓங்கிய கை அப்படியே என் தலையில் இறங்கி, வெகுநேரம் அங்கேயே இருந்தது. நல்ல வார்த்தைதானே சொன்னேன் என்று எனக்குக் கோபம். அன்று முழுவதும் சித்தியோடு நான் பேசவே இல்லை.