பன்னிரண்டு நிலக்கரிப் பெட்டிகளும் ஒரு சலவைச் சான்றிதழும்

மன்னார்க்காரரான அம்புறோஸ், ஜெர்மனியில் எர்லாங்கனுக்குப் பக்கத்து ஊரொன்றில், ஹோட்டல் துணிகளை வெளுக்கும் சலவைச்சாலையில் வேலை செய்தார். பகலெல்லாம் அழுக்கை எடுப்பதற்கு அவருக்குச் சம்பளம். வேலை முடிந்ததும் மாதிரி ரயில் சங்கத்தின் நிலவறைக்குப் போய், கைக்குள் அடங்கும் ரயில் பெட்டிகளுக்கு அழுக்குப் பூசுவார். அதற்குச் சம்பளம் கிடையாது.

சிரிக்க வேண்டாம். அந்தச் சங்கத்தில் யாரும் சிரிப்பதில்லை. உண்மைப் பெட்டியில் உள்ளதெல்லாம் எண்பத்தேழில் ஒரு பங்கு அளவில் இருக்க வேண்டும், துரு உட்பட. நிலக்கரி ஏற்றும் பெட்டி பளபளத்தால் அது வெறும் பொம்மை. பொம்மை என்ற சொல்லை அந்த நிலவறையில் வாய்தவறியும் சொல்லக் கூடாது.

பதினைந்து மாதமாக அம்புறோஸ் பன்னிரண்டு பெட்டிகள் செய்தார். செப்புக் கம்பியை வளைத்து பிரேக் குழாய் வைத்தார். மெழுகுதிரிக் கரியையும் செங்கல் தூளையும் குழைத்து, ஒவ்வொரு பெட்டிக்கும் தனித்தனியாக ஊத்தை பூசினார். 1996 ஒக்டோபர்க் கண்காட்சியில் இவை தேறினால் அவர் முழு உறுப்பினர். தேறாவிட்டால் இன்னும் மூன்று வருடம் காத்திருக்க வேண்டும்.

முழு உறுப்பினர் அட்டையில் முடிவுத் திகதி கிடையாது. அம்புறோஸ் ஆசைப்பட்டது அதற்குத்தான். ஜெர்மனிக்கு வந்து எட்டு வருடமாகியும் அவருடைய விசா ஆறு மாதம், ஆறு மாதமாகத்தான் நீண்டுகொண்டிருந்தது. இந்த நாட்டில் தன் பெயர் போட்ட, முடிந்துபோகாத கடதாசி ஒன்றாவது வேண்டுமென்று அந்த மனுசன் ஏங்கினார்.

கண்காட்சிக்கு முதல்நாள் பெட்டிகளைக் கடைசியாக ஒருமுறை பார்க்கலாமென்று வீட்டுக்குக் கொண்டுவந்து மேசையில் அடுக்கிவிட்டு, கடைக்குப் போனார். அந்த நேரம்தான் வந்தது வினை. ஒக்டோபர் செபமாலை மாதம். மாதா சுரூபம் தமிழர் வீடு வீடாகச் சுற்றிவரும். அன்று மாலை அவர்கள் வீட்டு முறை. மனைவி றீற்றா காலையிலிருந்தே வீட்டை உரஞ்சிக்கொண்டிருந்தாள்.

அம்புறோஸ் திரும்பி வந்தபோது, பன்னிரண்டு பெட்டிகளும் துவாயில் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன.

"என்னப்பா செய்துபோட்டீர்?"

"சோப்புத் தண்ணியிலை ஊறப்போட்டுப் பிறஷ்ஷாலை தேய்ச்சனான். புதுசா எவ்வளவு வடிவா இருந்தது! உங்கடை கிளப்பிலை ஒருத்தரும் துடைக்கிறேல்லையோ? மாதா வாற வீட்டிலை இந்த ஊத்தையோ?"

அம்புறோஸ் ஒரு பெட்டியைத் தூக்கிப் பார்த்தார்; மாதக்கணக்கில் பூசியதை ஓரிரவில் திரும்பப் பூச முடியாது. அவள்மேல் கோபிக்கவும் மனம் வரவில்லை. அவ்வளவு சுத்தமாகக் கழுவியிருந்தாள். அன்று செபமாலை முடியும்வரை அவர் மாதாவை நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

எட்டு வருடத்தில் இந்த நாடு அவருக்கு ஒன்றைப் படிப்பித்திருந்தது: கடதாசி இல்லாவிட்டால் நடந்ததும் நடக்காததுதான். மறுநாள் காலை ஒரு சான்றிதழ் எழுதினார். 'கீழ்க்காணும் இலக்கங்களையுடைய பன்னிரண்டு பெட்டிகளும் உயர்நிலை விருந்தினர் ஒருவரின் வருகையை முன்னிட்டுக் கழுவப்பட்டன. சேவைக்குத் திரும்பியதும் உரிய காலத்தில் அழுக்கடையும்.' றீற்றாவிடம் பொறுப்பதிகாரியாகக் கையெழுத்து வாங்கினார். போகும் வழியில் சலவைச்சாலையில் நுழைந்து, துணிச்சீட்டில் குத்தும் முத்திரையை அதில் குத்தினார்: கழுவப்பட்டது, சரிபார்க்கப்பட்டது.

சங்கத் தலைவர் ஹெர் ஹூபர் பூதக்கண்ணாடியோடு குனிந்தார். முகம் கறுத்தது.

"இவை பளபளக்கின்றனவே!"

அம்புறோஸ் சான்றிதழை நீட்டினார். நடுவர்கள் மூவரும் தனியறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். இருபது நிமிடம் கழித்து ஹூபர் மட்டும் எட்டிப் பார்த்தார்.

"பிரதி இருக்கிறதா?"

இருந்தது. இரண்டு. அம்புறோஸ் தன்னுடைய பாஸ்போட் அளவுப் படங்களையும் சேர்த்தே கொடுத்தார். கேட்கவில்லைதான், ஆனால் எப்போது கேட்பார்கள் என்று யாருக்குத் தெரியும்?

பத்து நிமிடத்தில் தீர்ப்பு வந்தது. சங்க வரலாற்றில் முதன்முறையாக, கழுவி முடித்த நிலையில் ஒரு நிலக்கரி ரயில் ஏற்றுக்கொள்ளப்பட்டது. அதன் உண்மைத்தன்மை சிறப்பென்று குறிப்பும் எழுதினார்கள். ஹூபர் அவரது கையைக் குலுக்கி அட்டையைக் கொடுத்தார். அம்புறோஸ் கழிவறைக்குள் போய்ச் சத்தமில்லாமல் அழுதார்.

வீட்டில் றீற்றா அட்டையை வாங்கி முன்னும் பின்னும் திருப்பினாள்.

"முடியிற திகதி எங்கை?"

"இல்லை."

"வடிவாப் பாருங்கோ. எங்கையாவது சின்னனாப் போட்டிருப்பினம்."

பூதக்கண்ணாடியை எடுத்து இருவரும் ஓரம் ஓரமாகத் தேடினார்கள். எங்கும் இல்லை. றீற்றா பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தாள்.

"அப்ப இதைத் திங்கக்கிழமை விசாக் கந்தோரிலை காட்டேலாதோ?"

"ஏலாதப்பா. இது ரயிலுக்கு மட்டுந்தான்."

"ஓம், ஓம்" என்றாள் றீற்றா. ஆனாலும் திங்கட்கிழமை விசாச் சந்திப்புக்கான கோப்பைத் திறந்து, எல்லாக் கடதாசிகளுக்கும் மேலே அதை வைத்தாள்.